மின்பாடம் கேட்கிறார்கள், அதற்கான நேரத்தை யார் தருவார்கள்?

பொருநைக்கரை ஆசிரியை
ஜூலை 6, இரவு 10.20

போன வாரம் எங்கள் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் நடத்தும் ஒரு தாளுக்கு நான்கு கூறுகளோடு மின்பாடம் தயாரித்து ஆகஸ்ட் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டுமாம். காணொளி, எழுத்துப் பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீட்டு வினாக்கள் என்று மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பின்பற்றும் அதே வடிவம். அறிக்கையில் கடைசித் தேதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, தவறினால் விளக்கம் கேட்கப்படும் என்ற வரியும் இருக்கிறது. எந்தக் கருவியில், யார் துணையோடு, எந்த நேரத்தில் செய்வது என்பதற்கு மட்டும் ஒரு வரி கூட இல்லை.

நான் தாவரவியல் நடத்துகிறேன். மின்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. போன ஆண்டு யாரும் கேட்காமலே ஒரு காணொளி செய்தேன். மக்காச்சோளத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். முதலாமாண்டில் அறுபது பேர், நல்ல நுண்ணோக்கி நான்கு. வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எதைப் பார்த்தோம் என்று பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் செய்யத் துணிந்தேன்.

சவர பிளேடால் தண்டைச் சீவியதில் இருபது சீவல்களுக்கு ஒன்றுதான் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக வந்தது. சாஃப்ரனின் சாயத்தில் போட்டு, நீரில் கழுவி, கிளிசரின் விட்டு மூடி, கண்ணருகு வில்லையின் மேல் கைபேசியைப் பிடித்தேன். கை நடுங்கினால் படம் வழுக்கிப் போகும். ஆய்வக உதவியாளர் மரக்கட்டையும் ரப்பர் வளையமும் வைத்து ஒரு தாங்கி செய்து கொடுத்தார். நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றை ஒன்று திரை முழுவதும் வந்து நின்றபோது எனக்கே மெய் சிலிர்த்தது. நீர் கடத்தும் இரண்டு பெரிய சைலக் குழாய்களும் கண்களைப் போல இருக்க, ஒரு முகம் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்திய பாடத்தை அன்றுதான் என் மாணவிகளுக்கு ஒழுங்காகக் காட்டினேன்.

அது எட்டு நிமிடக் காணொளி. சீவியது, படம் எடுத்தது, வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிந்தது, வெட்டி ஒட்டியது என்று எல்லாம் சேர்த்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது கேட்பதோ முழுத் தாள், ஐந்து அலகுகள்.

உங்கள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்கு என்ன உதவி கிடைக்கிறது? உண்மை நிலவரம் தெரிந்தால் எங்கள் முதல்வரிடம் எடுத்துச் சொல்ல எனக்குக் கைகொடுக்கும்.

---

வணிகவியல் வாத்தியார்
ஜூலை 6, இரவு 11.05

அம்மா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவை ஐந்தாண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் தேசிய மன்றமான நாக்கின் மதிப்பீட்டுக்கான அறிக்கையில் ஆசிரியர்கள் உருவாக்கிய மின்பாடங்களின் பட்டியலும் கேட்கிறார்கள். அந்த இடத்தை வெற்றாக விட்டால் தரப்புள்ளி குறையும். குறைந்தால் நிதி வரும் வழிகள் அடைபடும். முதல்வர் சுற்றறிக்கை அனுப்புவது ஆசையினால் அன்று.

நேரம் கொடுங்கள் என்கிறீர்கள். எங்கிருந்து கொடுப்பது? துறைதோறும் நிரப்பப்படாத பணியிடங்கள். ஒருவருக்கு இரண்டு மணி குறைத்தால் அந்த இரண்டு மணியை இன்னொருவர் தோளில்தான் ஏற்ற வேண்டும்.

---

பொருநைக்கரை ஆசிரியை
ஜூலை 7, காலை 6.10

ஐயா, நீங்கள் சொல்லும் நெருக்கடி எனக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்கின்றன, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மொத்தப் பணி வாரம் 40 மணி. மீதி மணிகளில்தான் தேர்வுத்தாள் திருத்துவது, ஆய்வு, சேர்க்கைப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், நீங்கள் சொல்லும் நாக் கோப்புகள் எல்லாம். அதே விதிமுறைகளின் ஆய்வு மதிப்பெண் அட்டவணை, நான்கு கூறுகளோடு ஒரு முழுப் பாடத்துக்கு மின்பாடம் செய்தால் 12 மதிப்பெண் என்கிறது. அறிவியலில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 8. அப்படியானால் இது ஒன்றரைக் கட்டுரைக்குச் சமமான வேலை என்று மானியக் குழுவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒன்றரைக் கட்டுரையை எட்டு வாரத்தில் எழுதித் தரும்படி யாராவது சுற்றறிக்கை அனுப்புவார்களா?

---

ஓய்வுபெற்ற படப்பதிவாளர்
ஜூலை 7, காலை 9.45

இந்த உரையாடலைப் படித்ததும் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடக மையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் மானியக் குழுவின் ‘நாடளாவிய வகுப்பறை’ ஒளிபரப்பு தொடங்கியது. அதற்காக நாடெங்கும் மையங்கள் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் வந்தன. 1993இல் இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கக் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு உருவானது. இன்று ஸ்வயம் தளத்தில் கலை, அறிவியல் இளநிலைப் பாடங்கள் அந்தக் கூட்டமைப்பின் வழியாகத்தான் போகின்றன.

அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியர் வந்தால் நேரே படக்கருவியின் முன்னால் நிறுத்த மாட்டோம். தயாரிப்பாளர் அவரோடு உட்கார்ந்து, “இந்தப் பாடத்தில் பையன்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?” என்றுதான் தொடங்குவார். எழுத்துப்படி ஒன்று வரும். அது திரும்பிப் போகும், மறுபடி வரும், மறுபடி போகும். மூன்றாம் முறைதான் படப்பிடிப்புக்கு நாள் குறிப்போம். விளக்குக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், வரைபடத்துக்கு ஓவியர் ஒருவர். இருபது நிமிட நிகழ்ச்சிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

கருவிகள் இன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன, நல்லதுதான். ஆனால் கருவி சிறுத்ததும் அந்த ஏழெட்டுப் பேரும் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். அத்தனை பேரின் வேலையும் இப்போது ஆசிரியர் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு மரக்கட்டையில் தாங்கி செய்து கொடுத்த அந்த ஆய்வக உதவியாளரைப் படித்தபோது கண் கலங்கியது. ஓர் ஊடக மையம் செய்ய வேண்டியதை அவர் ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறார்.

---

வடமராட்சி விரிவுரையாளர்
ஜூலை 7, பிற்பகல் 1.30

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பல்கலைக்கழகங்களில் மூடுல் என்னும் இணையக் கற்றல் தளம் பல ஆண்டுகளாகவே இருந்தது. 2020இல் எல்லாம் மூடப்பட்டபோதுதான் எல்லோரும் அதற்குள் வந்தோம். லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வசதியைத் தந்தது. தொலைபேசி நிறுவனங்களோடு ஏற்பாடு செய்து, பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைத் தரவுக் கட்டணமில்லாமல் பார்க்கவும் வழி செய்தார்கள். அந்த நேரத்தில் அது பேருதவி. மறுப்பதற்கில்லை.

ஆனால் எனக்குப் பாடம் கற்பித்தவர் ஒரு மாணவர். முதல் மாதம் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிந்து தளத்தில் ஏற்றிவிட்டு, கடமை முடிந்தது என்றிருந்தேன். முல்லைத்தீவிலிருந்து ஒருவர் எழுதினார்: “சேர், அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீற்றர் நடக்கிறேன். இறக்கி முடிக்க முன்னம் இருட்டிவிடுகிறது.” கோப்பைப் பார்த்தேன். 700 மெகாபைட்.

அதன்பிறகு விரிவுரையைத் துண்டு துண்டாக்கினேன். அசையாப் படங்களும் குரலும் மட்டும் சேர்த்து, ஒவ்வொன்றும் பத்து மெகாபைட்டுக்குள். அப்படிச் சுருக்கத் தெரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பணியாளர் விருத்தி நிலையத்தில் பயிற்சிப் பட்டறைகள் நடக்கத்தான் செய்தன. அங்கே காட்டியதெல்லாம் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது. என் பாடத்தை எப்படித் துண்டாக்குவது என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் ஒரு கிழமையில் முடித்திருப்பேன்.

---

தொகுப்பூதியத்தில் ஒருத்தி
ஜூலை 7, இரவு 8.15

நான் கௌரவ விரிவுரையாளர், தமிழ்த்துறை. மேலே பொருநைக்கரை அம்மா 12 மதிப்பெண் பற்றிச் சொன்னார். எங்களுக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை. எங்களுக்குப் பதவி உயர்வு என்ற ஏணியே கிடையாது. ஆனால் எங்கள் துறையில் கணினி தெரிந்தவர்கள் நாங்கள்தான் என்பதால் வேலை முழுவதும் எங்களிடம்தான் வருகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் சங்க இலக்கியத் தாளுக்கு ஆறு பாடங்கள் எழுதினேன். முல்லைத்திணைக்கு மட்டும் இரண்டு வாரம். ஊருக்குப் போய்ப் பிடவமும் தளவமும் எவை என்று பெரியவர்களைக் கேட்டுத் தேடிப் படம் எடுத்துச் சேர்த்தேன். குரலும் என்னுடையது. தளத்தில் ஏறியபோது பாட ஆசிரியர் என்ற இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. கேட்டதற்கு, “நீங்கள் நிரந்தரப் பணியில் இல்லையே, பெயர் போட்டால் கணக்கில் வராது” என்றார்கள். என் மாணவி ஒருத்தி அந்தக் காணொளியைக் கேட்டுவிட்டு, “அம்மா, இது உங்கள் குரல்தானே?” என்றாள். ஆமாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

---

வழக்குமன்ற வாசல்
ஜூலை 7, இரவு 9.50

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்னால் வாளாவிருக்க முடியவில்லை. நான் சட்டக் கல்லூரியில் கற்பிக்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால் முதல் உரிமையாளர் பணியமர்த்தியவர்தான். அதனால் பாடத்தின் உரிமை கல்லூரிக்கு என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் 57ஆம் பிரிவு தனி. பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், இதை ஆக்கியவர் நான் என்று உரிமை கோருவது ஆக்கியவரை விட்டு நீங்காது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பின்னும் அது இருக்கிறது. நிரந்தரப் பணி, தற்காலிகப் பணி என்ற பேதம் அந்தப் பிரிவில் இல்லை.

உங்கள் எழுத்துப்படி, படக் கோப்புகள், பதிந்த நாட்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் அமைதியாக ஒரு கடிதம் கொடுங்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: யார் பெயர் வரும், வேறு கல்லூரிக்குப் போனால் பாடத்தை எடுத்துப் போகலாமா, திறந்த உரிமத்தில் வெளியிடலாமா. திருத்த அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம் ஒன்றில் வெளியிடச் சம்மதம் வாங்கிவிட்டால் பாதிச் சச்சரவு எழாது. வேறு கல்லூரி ஆசிரியர் எடுத்துத் திருத்தலாம், ஆனால் உங்கள் பெயரை நீக்க முடியாது.

---

வணிகவியல் வாத்தியார்
ஜூலை 7, இரவு 10.30

அந்தத் தமிழ்த்துறை அம்மாவுக்கு நடந்தது அநியாயம். கணக்கில் வராது என்று பெயரை மாற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என் குழுவுக்கு வரும் பட்டியல்களில் குரல் யாருடையது என்று நானும் இதுவரை கேட்டதில்லை. இந்த ஆண்டு முதல் கேட்பேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம். எல்லோரும் ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் என்னும் இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அறிவியலுக்கும் பொறியியலுக்கும் அதில் கடல் போல் பாடங்கள் கிடக்கின்றன. ஸ்வயம் வழியாக எடுக்கும் பாடங்களுக்கு மதிப்புப்புள்ளி (கிரெடிட்) வழங்கும் வரம்பை, 2016இல் 20 விழுக்காடாக இருந்ததை, 2021இல் 40 விழுக்காடாக மானியக் குழு உயர்த்தியது. நல்லதாக ஒன்று இருக்கும்போது ஆளுக்கு ஒரு அரைகுறைக் காணொளி எதற்கு?

---

பொருநைக்கரை ஆசிரியை
ஜூலை 8, காலை 6.30

நல்ல கேள்வி ஐயா. நானும் என்பிடெல் பாடங்களை வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். இயற்பியல் துறைத் தோழி பாதிப் பருவத்தை அவற்றை வைத்தே நடத்துகிறார். ஆனால் என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். ஆங்கில விரிவுரை ஓடும்போது அவர்கள் கண் திரையில் இருக்கும், கை எழுதாது. “கற்றை”, “மூடிய கற்றை”, “கார்டெக்ஸ்” என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து நான் சொல்லும்போதுதான் பேனா அசைகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிலும் நடத்துகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பசிதான் இருக்கும்.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எது இல்லையோ அதை மட்டும் செய்வோம். எது இல்லை என்று உட்கார்ந்து பார்க்கவும் நேரம் வேண்டுமே.

---

செவிவழி
ஜூலை 8, காலை 11.00

நான் முனைவர் பட்ட ஆய்வாளன். பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த உரையாடலில் எழுத்துப் பாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் தமிழ்ப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கியவை. கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் என் திரைவாசிப்பானுக்கு அது தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் “தமிழ்” என்று தட்டச்சு செய்திருந்தால் எனக்கு “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்றுதான் கேட்கும். ஒரு பக்கம் முழுவதும் இப்படி. இன்னும் சிலர் புத்தகப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அங்கே கேட்க ஒன்றுமே இல்லை. “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்று ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடக உள்ளடக்கம் எல்லாம் எங்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதுகலை முதலாமாண்டில் என் அறைத்தோழன் இரவுகளில் உட்கார்ந்து நாற்பது பாடங்களை மாற்றிக் கொடுத்தான். மாற்றியில் போட்டால் மெய்யெழுத்துகள் சில இடம் மாறிவிடும், அவன் வரிவரியாகப் படித்துத் திருத்தினான். அவன் தேர்வு நெருங்கிய பிறகு அவனைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மீதி இருபது பாடங்களை நான் படிக்காமலே தேர்வு எழுதினேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் உதவி என்று பேசும்போது முதலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

---

தொகுப்பூதியத்தில் ஒருத்தி
ஜூலை 8, பிற்பகல் 12.20

தம்பி, என் ஆறு பாடங்களும் வானவில் என்ற பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. தளத்தில் பெயர் மாறிப் போனதற்கு மூன்று ஆண்டு வருந்தினேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இது அதைவிட உறுத்துகிறது. மூலக்கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. இந்த வாரமே ஒருங்குறிக்கு மாற்றி உங்களுக்கு அனுப்புகிறேன்.

---

பனிப்பிரதேசத்துத் தமிழன்
ஜூலை 9, காலை 7.40

கனடாவில் ஒரு கல்லூரியில் பாட வடிவமைப்பாளராக இருக்கிறேன். படப்பதிவாளர் ஐயா சொன்ன அந்த முதல் கேள்வி, மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது, இங்கே என் முழுநேர வேலையாக இருக்கிறது. பேராசிரியர் பாடத்தைக் கொண்டு வருவார். நான் அதைப் பிரித்து, எது காணொளியாக வேண்டும், எது வெறும் இரண்டு பத்தி எழுத்தாகப் போதும், எங்கே ஒரு வினா வைத்தால் தவறு வெளிப்படும் என்று அவரோடு பேசுவேன். பல சமயம் “இதற்குக் காணொளியே வேண்டாம்” என்று முடியும். அதுவே பெரிய மிச்சம். 2014இல் எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளி அமர்வுகளை ஆராய்ந்தவர்கள், ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவைதான் பெரும்பாலும் முழுமையாகப் பார்க்கப்படுகின்றன என்று கண்டார்கள். ஒரு மணி நேரம் பேசிப் பதிந்தவற்றைப் பெரும்பாலோர் முழுவதும் பார்ப்பதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2012இல் ஒரு காரியம் செய்தது. மாணவர் அதிகம் சேரும் 40 பாடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கான திறந்த பாடநூல்களுக்கு அரசே நிதி ஒதுக்கியது. எல்லாவற்றையும் புதிதாக எழுதச் சொல்லவில்லை. இருப்பதை மதிப்பிட்டுச் சொல்வதற்கு, உள்ளூருக்குத் தக்கபடி திருத்துவதற்கு, இல்லாததை எழுதுவதற்கு என்று மூன்றுக்கும் ஆசிரியர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். வாத்தியார் ஐயா கேட்ட கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் இது என்று நினைக்கிறேன்.

---

வணிகவியல் வாத்தியார்
ஜூலை 9, இரவு 9.15

நேற்று முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரிப் பட்டியலில் போன ஆண்டு 63 மின்பாடங்கள் காட்டினோம். இன்று மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். 11 இணைப்புகள் திறக்கவே இல்லை. 30க்கு மேல் வகுப்பில் காட்டும் படவில்லைகளை அப்படியே பிடிஎஃப் ஆக்கியவை. மாணவர் உட்கார்ந்து படிக்கக்கூடியவை என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவை எட்டு. அந்த எட்டையும் செய்தவர்கள் யார் என்று பார்த்தேன். அந்தப் பருவத்தில் யாருக்குத் தற்செயலாக வகுப்புச் சுமை குறைவாக இருந்ததோ அவர்கள்தான்.

நேரம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்டவன் நான்தான். 63க்குச் சிதறிய நேரத்தை எட்டுக்குக் கொடுத்திருந்தால் போதுமே என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரையும் கேட்காமல், ஆண்டுக்குத் துறைக்கு ஒரே ஒரு பாடம். அதைச் செய்பவருக்கு அந்தப் பருவத்தில் தேர்வு மேற்பார்வையும் சேர்க்கைப் பணியும் கிடையாது. இதற்குப் புதிய பணியிடம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். எங்கள் முதல்வரிடம் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். அம்மா, உங்கள் முதல்வரிடம் கொடுக்க வேண்டுமென்றால் கணக்கோடு அனுப்பித் தருகிறேன்.

---

பொருநைக்கரை ஆசிரியை
ஜூலை 9, இரவு 10.00

அனுப்புங்கள் ஐயா. உங்களைப் போலக் கோப்பு பார்ப்பவர் ஒருவர் சொல்வதற்கு இருக்கும் எடை என் பேச்சுக்கு இருக்காது. மனமார்ந்த நன்றி.

---

பொருநைக்கரை ஆசிரியை
ஆகஸ்ட் 2, இரவு 9.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய செய்தி. நானும் துறைத்தலைவரும் முதல்வரைப் பார்த்தோம். வாத்தியார் ஐயா தந்த கணக்கையும், வழக்குமன்ற வாசல் ஐயா எழுதித் தந்த ஒருபக்க ஒப்பந்த வாசகத்தையும் வைத்தோம். கேட்டது நான்கு. கிடைத்தது இரண்டு.

முழுத் தாள் என்பது இந்த ஆண்டுக்கு இரண்டு அலகாகக் குறைந்தது. ஆய்வக உதவியாளர் புதன்கிழமை பிற்பகல்களில் மின்பாட வேலைக்கு மட்டும் என்று எழுத்தில் ஆணை வந்திருக்கிறது. அவர் பெயரும் பாடத்தின் முடிவில் வரும். வகுப்பு நேரத்தைக் குறைக்க முடியாது என்றார். பெயர் ஒப்பந்தத்தை ஆட்சிமன்றக் குழுவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம். விடப்போவதில்லை.

மக்காச்சோளக் காணொளியைப் புதன்கிழமை மறுபடி செய்தோம். மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள், பத்து மெகாபைட்டுக்குள். எழுத்துப் பாடம் ஒருங்குறியில். செவிவழித் தம்பி, தனிச்செய்தியில் இணைப்பு அனுப்பியிருக்கிறேன். தாவரவியல் உங்கள் துறை இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்வீர்களா?

---

செவிவழி
ஆகஸ்ட் 3, காலை 8.10

கேட்டேன் அம்மா. எழுத்துப் பாடம் முழுவதும் தங்கு தடையில்லாமல் வாசித்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தாவரவியல் பாடம் ஒன்றை நானாகப் படித்தேன்.

காணொளியில் மட்டும் ஒன்று. இரண்டாம் துண்டின் நடுவில், “இதோ, இங்கே பாருங்கள், இங்கே நெருக்கமாக இருக்கிறது, அங்கே அப்படி இல்லை” என்கிறீர்கள். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

---

பொருநைக்கரை ஆசிரியை
ஆகஸ்ட் 6, மாலை 5.40

இன்று புதன். அந்த இடத்தை மட்டும் திரும்பப் பதிந்தோம். “தண்டின் வெளி விளிம்பை ஒட்டிக் கற்றைகள் சிறியவையாக, நெருக்கமாக இருக்கின்றன. மையத்தை நோக்கிப் போகப் போகப் பெரியவையாகி, இடைவெளி விட்டுச் சிதறிக் கிடக்கின்றன” என்று மாற்றிவிட்டேன். வகுப்பில் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண், போன முறை படத்தைப் பார்த்தும் இது புரியவில்லை, இப்போது புரிந்தது என்றாள். புதிய இணைப்பை அனுப்பியிருக்கிறேன் தம்பி. முதல் துண்டிலும் இரண்டு இடத்தில் “இங்கே” என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை அவற்றை எடுத்துக்கொள்கிறோம்.